விரியன் விஷத்தைக் குடித்தவனும் அதை எழுதிவைத்த வைத்தியரும்: பிரான்செஸ்கோ ரெடி (1626–1697)

கரிச்சான்:
பள்ளியில் ரெடி என்றால் ஜாடி, இறைச்சி, வலைத்துணி, ஈ: இறைச்சியில் புழு தானாகப் பிறப்பதில்லை, ஈயால்தான் வருகிறது என்று காட்டிய சோதனை. படத்தை வரைந்து மதிப்பெண்ணை வாங்கியதோடு ஆளை மறந்துவிடுகிறோம். எனக்கு அந்த ஜாடிகளைவிட அதற்கு நான்கு வருடம் முன்னால் வந்த அவருடைய பாம்பு ஆராய்ச்சிதான் பிடித்தது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசியதாகத் தெரியவில்லை, அதனால் இந்த இழை.

ரெடி இத்தாலியில் அரெட்ஸோ ஊர்க்காரர். அப்பாவும் வைத்தியர். 1647ல் பீசாவில் படித்துப் பட்டம் வாங்கி, பிறகு ஃபுளோரன்ஸில், அந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் அரண்மனைக்குத் தலைமை வைத்தியர் ஆனார். முதலில் இரண்டாம் ஃபெர்டினாண்டோ பிரபுவிடம், அப்புறம் மூன்றாம் கோசிமோ பிரபுவிடம். அரண்மனை மருந்துச்சாலையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க ‘தெரியாகா’ என்று ஒரு லேகியம் இருந்தது. விஷக்கடியில் தொடங்கி எந்த நோய்க்கும் அதைத்தான் கொடுப்பார்கள். அதில் சேரும் பல சரக்குகளில் விரியன் பாம்பின் இறைச்சியும் ஒன்று. அதைக் கிண்டுவதற்காக நேப்பிள்ஸ் பக்கமிருந்து அரண்மனைக்கு விரியன்கள் வந்து இறங்கின. பாம்பு வந்ததும் கூடவே பேச்சும் வந்தது: விஷம் பாம்பின் உடம்பில் எங்கே இருக்கிறது? பல்லில் என்றார்கள் சிலர், வாலில் என்றார்கள் சிலர். படித்தவர்களில் பலர் பித்தப்பையில் என்றார்கள். ஒரு துளி பித்தம் உள்ளே போனால் ஆள் காலி என்று பழைய நூல்களை எடுத்துக்காட்டிப் பேசினார்கள்.

பாம்பு பிடிக்கிற யாக்கோப்போ சோட்ஸி ஒரு மூலையில் நின்று இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பேச்சு முற்றியபோது முன்னால் வந்தார். ஒரு விரியனின் பித்தப்பையை எடுத்து அரைக் கோப்பை குளிர்ந்த தண்ணீரில் போட்டு, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு விஷப்பல்லைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வரும் மஞ்சள் திரவத்தையும் திராட்சை மதுவில் விட்டுக் குடித்துக் காட்டினார். அப்போதும் ஆள் கல்லுப்போல நின்றார்.

1664ல் வந்த ரெடியின் நூலில் இந்தச் சோட்ஸி பெயரோடு இருக்கிறார். அரண்மனைப் பண்டிதர்கள் நிறைந்த ஒரு நூலில், பாம்பு பிடிப்பவர் பெயரோடும் சிரிப்போடும் வருகிறார். கையால் தொட்டுப் பழகியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வைத்தியர் என்றுதான் நான் ரெடியைப் பார்க்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

திண்ணை:
குடித்தவன் எப்படிப் பிழைத்தான்? கதை விடுகிற மாதிரி இருக்கிறதே.

டூட்டி டாக்டர்:
கதை இல்லை, நடக்கக்கூடியதுதான். பாம்பு விஷத்தில் முக்கியமானவை புரதங்கள். அவை ரத்தத்திலோ திசுவிலோ நேரடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் வேலையைக் காட்டும். வயிற்றுக்குப் போனால் நாம் தின்ற பருப்பு, முட்டை மாதிரி அதுவும் செரிமானம் ஆகிவிடும். ரெடி கண்டுபிடித்ததும் இதன் வெளி உருவத்தைத்தான்: மஞ்சள் திரவம் காயத்தின் வழியாகப் போனால் கொல்லும், வாய் வழியாகப் போனால் கொல்லாது. விஷம் ஏறிச் செத்த பிராணியின் இறைச்சியைச் சாப்பிட்டாலும் ஆபத்தில்லை என்றும் எழுதினார்.

யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். வாயில் புண், ஈறில் ரத்தக்கசிவு, குடலில் அல்சர் இருந்தால் கணக்கு மாறிவிடும். இன்னொன்று. விஷத்தை வாயால் உறிஞ்சி எடுப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று ரெடி எழுதியதை வைத்துக்கொண்டு யாரும் கடிவாயை உறிஞ்சாதீர்கள். அதனால் கடிபட்டவருக்குப் பலன் கிடையாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், அது போதும்.

அரைக்கண்:
கரிச்சான் அண்ணே, நீங்கள் சொல்வதிலேயே என் சண்டை இருக்கிறது. குடித்தவன் சோட்ஸி, பெயர் வாங்கியவர் ரெடி. விஷம் எங்கே இருக்கிறது என்று அந்த மனுஷனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததனால்தான் சிரித்தான். அரண்மனை வைத்தியர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். இதில் ரெடியின் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது? புத்தகத்தில் பெயர் போட்டது பெருந்தன்மை என்றால், ‘உபயம்’ என்று டியூப்லைட்டில் எழுதுகிறவர்களும் பெருந்தன்மைக்காரர்கள்தான்.

கரிச்சான்:
அரைக்கண், சோட்ஸிக்குத் தெரியும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்குத் தெரிந்ததை வேறு ஊர்க்காரன் எப்படி நம்புவான்? ‘பாம்பு பிடிப்பவன் முன்கூட்டியே மருந்து தின்றிருப்பான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ரெடி அதோடு விடவில்லை. கோழி, புறா என்று வரிசையாக எடுத்து, காயத்தில் அந்த மஞ்சள் திரவத்தை வைத்துப் பார்த்தார். உயிருள்ள பாம்பிலிருந்து எடுத்ததை வைத்தார், செத்த பாம்பிலிருந்து எடுத்ததையும் வைத்தார். காயவைத்துப் பொடியாக்கியும் வைத்தார். எல்லாமே கொன்றன.

செத்த பாம்புக்கு ஏன் போனார் என்பதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது. 1669ல் பாரிஸில் மோய்ஸ் ஷராஸ் என்ற மருந்து தயாரிப்பாளர் ஒரு நூல் போட்டார். மஞ்சள் திரவம் சும்மா எச்சில் மாதிரிதான், விஷம் என்பது பாம்பு சீறும்போது அதன் கோபத்தில் கிளம்பும் ஏதோ ஒரு சூட்சும சக்தி என்பது அவர் வாதம். தாமும் பிராணிகள் மேல் சோதித்ததாகவும் ஒன்றும் நடக்கவில்லை என்றும் எழுதினார். அடுத்த வருடமே ரெடி ஒரு நீண்ட கடிதமாகப் பதில் போட்டார். அந்தப் பதிலின் பலமே செத்த பாம்புதான். செத்ததற்கு ஏது கோபம்?

இந்தத் தகராறு ரெடி காலத்தோடு முடியவில்லை. அடுத்த நூற்றாண்டில் ஃபெலிச்சே ஃபொன்தானா என்ற இத்தாலிய அறிஞர் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து ரெடி பக்கம்தான் நியாயம் என்று நிறுவினார்.

அரைக்கண்:
ஷராஸ் விரியனிலிருந்து உப்பு எடுத்து மருந்தாக விற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோபத்தில் கிளம்பும் விஷத்துக்கு உப்பு மருந்து என்றால் வியாபாரமும் நடக்கும், தத்துவமும் நடக்கும்.

உயிரியல் டீச்சர்:
ஜாடியை இப்படி ஒதுக்கிவிட்டீர்களே, நான் விடமாட்டேன். வருடா வருடம் நடத்துகிற பாடம்.

ஜாடிச் சோதனை வருகிற 1668 நூலில் அவர் ஆரம்பிப்பது ஜாடியிலிருந்து அல்ல. செத்த பாம்புகளைத் திறந்த பெட்டியில் போட்டு வைக்கிறார். புழு வருகிறது, இறைச்சியைத் தின்று தீர்க்கிறது, அப்புறம் எங்கோ ஓடி ஒளிகிறது. எங்கே போயின என்று தெரியவில்லை. அடுத்த முறை பெட்டியின் எல்லாப் பொந்துகளையும் அடைத்துவிடுகிறார். புழுக்கள் அசைவில்லாமல் முட்டை மாதிரிச் சுருண்டுகொள்கின்றன. அந்தக் கூட்டுப்புழுக்களை நிறவாரியாகப் பிரித்துக் கண்ணாடிப் பாத்திரங்களில் போட்டுக் காகிதத்தால் மூடி வைத்தால், சில நாளில் ஈ. ஒரு பாத்திரத்தில் பச்சை ஈ, இன்னொன்றில் கறுப்பு. அதாவது இறைச்சி ஒன்றுதான், ஈ மட்டும் பலவகை. அங்கேதான் அவருக்குச் சந்தேகம் விழுகிறது: இறைச்சியில் மொய்த்த ஈயும் வெளியே வந்த ஈயும் ஒரே இனமாக இருக்கிறதே?

ஜாடி அதற்கப்புறம்தான். ஜூலை நடுவில், நல்ல வெயில் காலத்தில், வாய் அகன்ற நான்கு குப்பிகள். ஒன்றில் பாம்பு, ஒன்றில் ஆற்று மீன், ஒன்றில் ஆர்னோ நதியில் பிடித்த நான்கு சிறிய விலாங்குகள், ஒன்றில் பால்குடி மறக்காத கன்றின் இறைச்சித் துண்டு. வாயைக் காகிதத்தால் மூடி நூலால் இறுக்கிக் கட்டினார். அதே சரக்கோடு இன்னும் நான்கு குப்பிகளைத் திறந்தே வைத்தார். திறந்ததில் ஈ போக வர இருந்தது, புழு நெளிந்தது. மூடியதில் வீச்சம் வந்ததே தவிர ஒரு புழு இல்லை. காகிதத்தின் வெளிப்பக்கத்தில் மட்டும் புழுக்கள் உள்ளே போக வழி தேடி ஊர்ந்துகொண்டிருந்தன.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று அவரே யோசித்தார்: ‘காற்று புகவில்லை, அதனால் புழு பிறக்கவில்லை.’ அதற்குத்தான் துணி. நேப்பிள்ஸில் நெய்த மிக மெல்லிய வலைத்துணியால் பாத்திரத்தின் வாயைக் கட்டினார். அதுவும் போதாதென்று, அந்தப் பாத்திரத்தையே வலைத்துணி போர்த்திய ஒரு சட்டத்துக்குள் வைத்தார். கொசுவலைக்குள் கொசுவலை. காற்று தாராளமாகப் போனது, புழு வரவில்லை.

பிள்ளைகளிடம் நான் சொல்வது அந்தத் திறந்த குப்பிகளைப் பற்றித்தான். மூடிய நான்கை மட்டும் வைத்திருந்தால் ‘அந்த வருடம் புழு சரியாக வரவில்லை’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

திண்ணை:
டீச்சர், சிங்கத்தின் இறைச்சியில்கூடச் செய்தாராமே?

உயிரியல் டீச்சர்:
ஆமாம். எருமை, சிங்கம், புலி, நாய், முயல், கோழி, வாத்து, குருவி என்று பட்டியல் நீளும். அரண்மனையில் வேலை பார்த்தால் இப்படி ஒரு வசதி உண்டு. புலி செத்தால் எனக்குச் சொல்லி அனுப்பு என்று சொல்லலாம்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அழுகலில் உயிர் தானாகப் பிறக்கும் என்று நம்பியவர்களை மூடர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபான் ஹெல்மான்ட் நல்ல வைத்தியர், நல்ல ஆராய்ச்சியாளர். அவர்தான் அழுக்குச் சட்டையையும் கோதுமையையும் பானையில் போட்டு வைத்தால் 21 நாளில் எலி பிறக்கும் என்று எழுதினார். ரோமில் இருந்த ஏசுசபைப் பாதிரியார் கிர்ச்சர், செத்த ஈக்களைத் தேன் கலந்த நீரில் நனைத்தால் புதிய ஈ வரும் என்று செய்முறையே கொடுத்தார். ரெடி அதை அப்படியே செய்து பார்த்தார், நடக்கவில்லை. ஆனால் அவருக்கு உதவியவர்களில் ஹோமரும் ஒருவர். இலியத்தில் அகிலீஸ், செத்த நண்பனின் காயங்களில் ஈ உட்கார்ந்து புழு வைத்துவிடுமே என்று கவலைப்படுவான். ரெடி அந்த வரியை எடுத்துப் போட்டார்.

பாம்புப்புற்று:
கிர்ச்சர் பெயர் வந்ததால் நம் ஊர்ச் சரக்கு ஒன்றைச் சொல்கிறேன். விஷக்கல். கறுப்பாக, வழவழவென்று, கடிவாயில் வைத்தால் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சும், பாலில் போட்டால் விஷத்தைக் கக்கும் என்பார்களே, அதே கல்தான். 1660களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து திரும்பிய பிரான்சிஸ்கன் துறவிகள் அதை ஃபுளோரன்ஸ் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். நல்ல பாம்பின் தலையிலிருந்து எடுத்தது என்று சொன்னார்கள்.

கோழிகள் மேல் சோதித்தார் ரெடி. அது குளிர்காலம், விரியன் கிடைக்கவில்லை. அதனால் புகையிலை எண்ணெயை விஷமாக ஏற்றிப் பார்த்தார். கல் ஒட்டத்தான் செய்தது, கோழிதான் பிழைக்கவில்லை. பிறகு விரியனை வைத்துப் பார்த்தபோதும் கல் உதவவில்லை. கிர்ச்சரோ ரோமில் ஒரு நாய் இதே கல்லால் பிழைத்ததாக எழுதியிருந்தார். ரெடி தன் முடிவை 1671ல் அச்சிட்டார், அதுவும் கிர்ச்சருக்கே எழுதிய கடிதமாக! ரொம்ப மரியாதையான கடிதம்.

கல் ஒட்டுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அது கருக்கிய எலும்பு. நுண்துளை நிறைந்தது, ஈரத்தைக் கண்டால் ஒட்டும்.

இதன் தொடர்ச்சி நம் பக்கம் நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியல் அறிஞராக மதராஸில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர், பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்த தஞ்சாவூர் மாத்திரையை இதே பாணியில் சோதித்தார். அதில் சேர்ந்தவை வெள்ளைப் பாஷாணம், நேர்வாளம், மிளகு, பாதரசம் இன்னும் சில. நம் கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘ரஸ்ஸல்’ அவர்தான்.

அரைக்கண் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. வடநெம்மேலியில் இருளர்கள் 1978லிருந்து கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து தயாராவது பெரும்பாலும் அதை நம்பித்தான். மருந்துக்குப்பியில் அவர்கள் பெயர் இருக்காது. சோட்ஸி பெயராவது புத்தகத்தில் இருக்கிறது.

அரைக்கண்:
இதைத்தான் சொன்னேன். நன்றி.

வல்லினம்:
எல்லோரும் ரெடியை உத்தமராக்கிவிட்டீர்கள். இலக்கியத்துக்காரனாக என் பங்குக்கு ஒரு கல்.

ரெடி கவிஞரும்கூட. 1685ல் வந்த அவருடைய நெடும்பாட்டில் மதுக்கடவுள் பாக்கஸ் ஃபுளோரன்ஸ் இருக்கும் தஸ்கனி நாட்டுக்கு வந்து ஊர் ஊராக மதுவைச் சுவைத்துப் புகழ்கிறார், மோன்தெபுல்ச்சானோ ஊர் மதுதான் மதுக்களின் ராஜா என்று தீர்ப்புச் சொல்கிறார். போகிற போக்கில் காபிக்கும் ஒரு அடி: கசப்பான அந்தக் காபியைக் குடிப்பதைவிட விஷத்தைக் குடிப்பேன் என்கிறார் பாக்கஸ். விஷத்தைக் குடித்தாலும் சாகமாட்டார்கள் என்று கண்டுபிடித்தவர் எழுதிய வரி என்பதை நினைத்துக்கொண்டு படிக்கவும். கும்பகோணத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கல் இதுவல்ல. ஃபுளோரன்ஸில் க்ருஸ்கா என்ற மொழிக்கழகம் இத்தாலிய அகராதி தொகுத்தது. ரெடி அதில் முக்கியமான ஆள். மூன்றாம் பதிப்பு 1691ல் வந்தது. அதற்குப் பழைய சொற்களையும் மேற்கோள்களையும் அள்ளிக் கொடுத்தார், தன்னிடம் உள்ள பழஞ்சுவடிகளிலிருந்து எடுத்தது என்று. 20ஆம் நூற்றாண்டில் தேடிப் பார்த்தால் அந்தச் சுவடிகளில் பல இல்லவே இல்லை. அவரே எழுதிய வரிகள். விஷக்கல்லை நம்பாத மனிதர், அகராதிக்குப் போலிச் சுவடி கொடுத்திருக்கிறார்.

திண்ணை:
அய்யய்யோ.

லேப்காரன்:
அப்படியானால் அவருடைய சோதனைக் குறிப்புகளை மட்டும் எப்படி நம்புவது? இரண்டையும் எழுதியது ஒரே கைதானே?

கரிச்சான்:
நம்பவே வேண்டாம் லேப்காரரே. அதுதான் இதில் வசதி. விரியனும் கோழியும் எங்கும் உண்டு. ஃபொன்தானா திரும்பச் செய்தார். ஈயை எந்தப் பள்ளிக்கூடத்திலும் திரும்பச் செய்யலாம். சுவடி மட்டும் அவர் அலமாரியில் இருந்தது, யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை, அங்கே அவர் கைவரிசையைக் காட்டிவிட்டார். எனக்கு வருத்தம்தான், மழுப்பவில்லை. ஒரு வைத்தியராக அவர் நோயாளிகளுக்கு எழுதிய ஆலோசனைகளைப் பாருங்கள்: அடுக்கடுக்கான மருந்துகளைத் தூக்கிப் போடச் சொல்வார், தண்ணீர், பத்தியம், எளிய கஷாயம் போதும் என்பார். மதுவைப் பற்றி அவ்வளவு பாடியவர் நோயாளிக்கு மதுவைக் குறைக்கத்தான் சொன்னார். ஒரு ஆளுக்குள் இத்தனை பேர்.

டூட்டி டாக்டர்:
சோட்ஸி விஷயத்துக்குத் திரும்பலாமா? அவரைப் போலவே இன்னொரு கூட்டம் ரெடியின் வாழ்க்கையில் வருகிறது. சொறி சிரங்கு. ‘ரத்தம் கெட்டுவிட்டது, பேதி கொடு, ரத்தத்தை வெளியே எடு’ என்பதுதான் அப்போதைய வைத்தியம்.

1687ல் பொனோமோ என்ற இளம் வைத்தியர் ரெடிக்கு எழுதிய கடிதம் ஒன்று அச்சில் வந்தது. அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் லிவோர்னோவில் மருந்துக்கடை வைத்திருந்த செஸ்தோனி. அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது பெண்களும் அடிமைகளும். சிரங்கு பிடித்த பிள்ளைகளின் தோலிலிருந்து ஏழைப் பெண்கள் ஊசிமுனையால் எதையோ குத்தி எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவார்கள், சின்னதாக ‘டப்’ என்று சத்தம் வரும். லிவோர்னோவில் கப்பல் அடிமைகள் ஒருவருக்கொருவர் அதையே செய்தார்கள். இருவரும் அந்த ‘எதையோ’ நுண்நோக்கியின் கீழ் வைத்தார்கள். ஆமை மாதிரி உடம்பு, ஆறு கால், கூர்மூக்கு. படம் வரைந்துகொண்டிருக்கும்போதே அது ஒரு முட்டை போட்டது. முட்டை வந்துவிட்டால் அப்புறம் என்ன, அழுகலில் பிறந்தது என்று சொல்ல முடியாது. உள்ளுக்கு மருந்து வேண்டாம், மேலே களிம்பும் குளியலும் போதும் என்று எழுதினார்கள்.

எழுதியவர்கள் சொன்ன கால்கள் ஆறு. உண்மையில் வளர்ந்த சிரங்குப் பூச்சிக்கு எட்டு. அந்தக் கடிதத்தை ரெடிதான் திருத்தி அச்சுக்குக் கொடுத்தார், அதில் என்னவெல்லாம் மாற்றினார் என்று இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் பேசுகிறார்கள் (வல்லினம் கவனிக்க). போப்பின் வைத்தியர் லான்ச்சீசி எதிர்த்தார், பொனோமோ வாயை மூடிக்கொண்டார், விஷயம் கிடப்பில் போனது. 1834ல் பாரிஸில் ரெனூச்சி என்ற மாணவர் ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னிலையிலும் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகுதான் வாயடைத்தது. அவர் கோர்சிகாக்காரர். அந்த வித்தையைத் தன் ஊர்ப் பெண்கள் செய்வதைப் பார்த்துக் கற்றிருந்தார். 147 வருடம்!

அரைக்கண்:
இந்த இழையில் எனக்குப் பிடித்த பதிவு இதுதான் டாக்டர். அந்தப் பெண்கள் ஒருத்தி பெயரும் யாருக்கும் தெரியாது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மருதநிலம்:
தாமதமாக வருகிறேன். ரெடி ஜெயிக்காத இடம் ஒன்று உண்டு, அதை யாரும் தொடவில்லை. ஓக் மரத்தில் வரும் காய்போன்ற புடைப்பு. வெட்டினால் நடுவில் புழு இருக்கும். மேலே ஓட்டை எதுவும் தெரியாது. ஈ எப்படிப் போய் முட்டை வைத்திருக்கும்? ரெடிக்கு வழி தெரியவில்லை. மரத்துக்குப் பழம் தரும் உயிர்ச்சக்தி எதுவோ அதுவே புழுவையும் தருகிறது என்று எழுதிவிட்டார். செத்த இறைச்சியில் உயிர் பிறக்காது, ஆனால் உயிருள்ள மரத்திலிருந்து உயிர் வரலாம் என்று அவருக்குத் தோன்றியது. குடற்புழுவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1679ல் மல்பீகி என்ற இத்தாலிய வைத்தியர் அந்தப் புடைப்புகளை ஆராய்ந்து, பூச்சி முட்டை வைப்பதால்தான் வருகின்றன என்று காட்டினார். வல்லிஸ்னியேரி என்ற இன்னொரு இத்தாலிய வைத்தியர் பின்னால் உறுதி செய்தார்.

உயிரியல் டீச்சர்:
மருதநிலம், அந்தப் புடைப்பு நம் வீட்டிலேயே இருக்குமே! மாசிக்காய்!

மருதநிலம்:
அதேதான் டீச்சர். பிள்ளை பெற்ற வீடுகளில் உரைமருந்துப் பெட்டியில் கிடக்கிற மாசிக்காய் மரத்தில் காய்த்த காய் இல்லை. மேற்கு ஆசிய ஓக் மரத்தில் ஒரு குளவி முட்டை வைத்ததால் மரம் கட்டிக்கொண்ட புடைப்பு. நாட்டு மருந்துக்கடையில் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் குண்டூசியால் குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை இருக்கும், நிறம் வெளிறி, எடை குறைவாக இருக்கும். குளவி வெளியே போனது அந்த வழியாகத்தான். துளை இல்லாதது கருநீலமாக, கனமாக இருக்கும், துவர்ப்பும் அதிகம். வியாபாரிகள் இதற்குத்தான் கூடுதல் விலை கேட்பார்கள்.

திண்ணை:
அப்படியானால் துளை இல்லாத மாசிக்காய்க்குள் குளவி இருக்கிறதா?

மருதநிலம்:
இருக்கும், காய்ந்துபோய். உடைத்துப் பாருங்கள்.